படித்து முடித்த புத்தகத்தைப் பற்றி என்ன சொல்வது?

வாசிப்பு மேசை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலையைச் சொல்கின்றன: புத்தகம் படிக்க முடிகிறது, படித்ததைப் பற்றி நாலு பேரிடம் உருப்படியாகப் பேச முடியவில்லை. அந்தக் கடிதங்களுக்கே இந்த இதழை ஒதுக்கியிருக்கிறோம்.

மாதம் மூன்று நாவலாவது படித்துவிடுகிறேன். படிக்கும்போது எவ்வளவோ தோன்றுகிறது. யாராவது "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்பதற்கு மேல் வார்த்தை வருவதில்லை. பத்து நாளில் பாத்திரங்களின் பெயர்கூட மறந்துவிடுகிறது. என்ன செய்வது?
வாசகி, கும்பகோணம்

படிக்கும்போது தோன்றியதை எங்கேயும் இறக்கி வைக்காததால் வரும் மறதி இது. ஞாபக சக்தியைக் குறை சொல்லாதீர்கள். ஒரு பென்சிலும் அஞ்சலட்டை அளவில் வெட்டிய ஒரு தாளும் போதும். பென்சில் 2பி ஆக இருந்தால் அழுத்தாமலே எழுதும், அழித்தாலும் தடம் இருக்காது. மினுக்குப் பேனா (ஹைலைட்டர்) வேண்டாம். நம் புத்தகங்களில் பலவும் மெல்லிய தாளில் அச்சானவை. மை மறுபக்கத்துக்கு ஊறி, அங்கே இருக்கும் வரியைக் கெடுத்துவிடும். பக்கத்தின் மூலையை மடிப்பதும் பழைய பதிப்புகளுக்கு ஆகாது. பழுத்த தாள் மடித்த இடத்தில் ஒடிந்து கையோடு வந்துவிடும்.

குறியீடுகள் மூன்றே மூன்று வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த வரிக்கு ஓரத்தில் ஒரு நேர்கோடு. புரியாத இடத்துக்கும் நம்ப முடியாத இடத்துக்கும் கேள்விக்குறி. முன்னால் வந்த ஏதோ ஒன்று இங்கே திரும்ப வருகிறது என்று தோன்றினால் ஒரு வட்டம், வட்டத்துக்குள் அந்த முந்தைய பக்கத்தின் எண். இந்த மூன்றாவது குறிதான் பின்னால் அதிகம் உதவும். நூலகப் புத்தகமாக இருந்தால் அதில் எதுவும் போடக் கூடாது. அஞ்சலட்டைத் தாளில் பக்க எண்ணையும் குறியையும் எழுதி, அதையே பக்க அடையாளமாகச் செருகி வையுங்கள்.

200 பக்க நாவலுக்குப் பத்துப் பன்னிரண்டு குறிகள் போதுமானவை. நாற்பது ஐம்பது ஆகிவிட்டால் திரும்பிப் பார்க்கவே கை வராது. அப்படி ஆகிவிட்டால், முடித்த கையோடு அவற்றில் பத்தை மட்டும் தேர்ந்தெடுத்துத் தாளில் ஏற்றுங்கள். கருத்து உருவாவதே அந்தத் தேர்வில்தான்.

முடித்த மறுநாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஐந்து வாக்கியங்கள் எழுதுங்கள். அதற்குப் பிறகு குறிகளைப் பாருங்கள். நீங்கள் எழுதியதும் குறிகள் காட்டுவதும் ஒத்துப்போகாத இடம் ஒன்றாவது இருக்கும். நாயகியின் துணிச்சலைப் புகழ்ந்து எழுதியிருப்பீர்கள். கேள்விக்குறிகளோ அவள் பேசும் பக்கங்களிலேயே விழுந்திருக்கும். யாராவது கேட்டால் அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள். அதற்குள் "நல்லா இருந்தது" தானாகவே உதிர்ந்திருக்கும்.

அசோகமித்திரனின் "தண்ணீர்" நாவலைப் பற்றி நண்பர்களுக்கு இப்படி எழுதி அனுப்பினேன்: "சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தை எதார்த்தமாகச் சித்திரித்துள்ளார் ஆசிரியர். ஜமுனா என்ற பெண்ணின் போராட்டம் மனதை உருக்குகிறது. எளிய நடை. அனைவரும் அவசியம் படிக்க வேண்டிய நூல்." யாரும் ஒரு வார்த்தை பதில் போடவில்லை. இதில் என்ன குறை?
வாசகர், பாளையங்கோட்டை

நீங்கள் எழுதியதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் ஜமுனாவின் பெயரையும் சென்னையையும் எடுத்துவிட்டு வேறு பெயரும் ஊரும் போட்டால் இது இன்னும் நூறு நாவல்களுக்குப் பொருந்தும். யாரும் மறுக்க முடியாதபடி எழுதியதற்கு யார்தான் பதில் போடுவார்கள்?

ஒவ்வொரு சொல்லாகப் பாருங்கள். "எதார்த்தமாக" என்றால் எந்த இடத்தில், எதை வைத்து? "உருக்குகிறது" என்றால் எந்தப் பக்கத்தில் படிப்பதை நிறுத்தினீர்கள்? "எளிய நடை" என்பதைச் சொல்லாமல் விடலாம். வாக்கியங்கள் சிறியவையா, பேச்சு அதிகமா, ஆசிரியர் தன் கருத்தைச் சொல்லாமல் ஒதுங்கி நிற்கிறாரா என்று பிரித்துச் சொன்னால்தான் பயன். "அவசியம் படிக்க வேண்டிய" என்பது கட்டளை; அதற்குக் காரணம் முன்னாலேயே சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

அதே நாவலைப் பற்றி அதே நீளத்துக்கு அருகில் இப்படி எழுதிப் பார்க்கலாம்:

"நாவல் நெடுக யாராவது ஒருவர் குடத்தையோ வாளியையோ தூக்கிக்கொண்டு தெருவில் அலைகிறார். பஞ்சத்தை நினைத்து ஆசிரியர் தனியாக வருந்துவதில்லை. அலைச்சலைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார். அதே தெருவில் இருக்கும் டீச்சரம்மா தன் வீட்டு நிலைமையைச் சொல்லும் இடத்தில்தான் ஜமுனா தன் துயரத்தை விட்டு முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து பார்க்கிறாள் என்று எனக்குப் பட்டது. தங்கை சாயாவின் கோபம் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. ஜமுனாவை ஏமாற்றும் பாஸ்கர் ராவ் மேல் இருக்க வேண்டிய கோபம் ஏன் அக்காள் மேல் பாய்கிறது?"

இதைப் படித்த ஒருவர் "சாயா கோபப்படுவது சரிதான், திரும்பப் படித்துப் பாருங்கள்" என்று எழுதலாம். டீச்சரம்மா இடத்தைப் பற்றி இன்னொருவருக்கு வேறு எண்ணம் இருக்கலாம். கடைசி வாக்கியம் உண்மையான கேள்வியாக இருப்பதையும் கவனியுங்கள். உங்களுக்குத் தெரியாததைக் கேட்டால்தான் தெரிந்தவர்கள் வாய் திறப்பார்கள்.

கதையை எதுவரை சொல்லலாம் என்றும் பலர் கேட்கிறார்கள். முதல் கால் பங்குவரை தாராளமாகச் சொல்லலாம். அதற்கு மேல் போவதென்றால் முதல் வரியிலேயே எச்சரித்துவிடுங்கள்.

கி. ராஜநாராயணனின் "கோபல்ல கிராமம்" படிக்கிறேன். பக்கத்துக்கு ஒரு சொல்லாவது தடுக்குகிறது. புரியாத மொழியில் எழுதியது நூலின் குறை என்று சொல்லலாமா?
வாசகர், ஓசூர்

சொல்லலாம், ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. தடுக்கும் சொற்களை இரண்டு வகையாகப் பிரியுங்கள். சில சொற்கள் முன்னும் பின்னும் படித்தால் தாமாகவே விளங்கிவிடும். அவற்றுக்காக நிற்க வேண்டாம். சில சொற்கள் தெரியாவிட்டால் காட்சியே மங்கிப்போகும், பெரும்பாலும் பயிர், மாடு, கருவி, உறவு முறை சார்ந்தவை. இந்த இரண்டாம் வகையை மட்டும் எழுதி வைத்து, அத்தியாயம் முடிந்ததும் மொத்தமாகப் பாருங்கள். வரிக்கு வரி அகராதியைப் புரட்டினால் சொல்கிறவரின் குரல் அறுந்துபோகும். அந்த நாவலே குரலில்தான் நிற்கிறது.

அகராதி எது என்பதும் முக்கியம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் பழைய இலக்கியச் சொற்களுக்கு விடை கிடைக்கும். இன்றைய எழுத்து வழக்குக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. கரிசல் சொற்களுக்கோ நீங்கள் படிக்கும் ஆசிரியரே 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றைத் தொகுத்து வெளியிட்டிருக்கிறார். வட்டார வழக்குகளுக்குப் பின்னால் பல அகராதிகள் வர அது வழிகாட்டியது. மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஈழத்து நாவல்களுக்கும் இதே முறைதான். "வெளிக்கிட்டான்" என்றால் புறப்பட்டான், "கதைத்தான்" என்றால் பேசினான் என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் அடுத்த ஐம்பது பக்கம் தடையில்லாமல் ஓடும். இவ்வளவும் செய்த பிறகும் மங்கலாக இருக்கும் பக்கங்களை எண்ணோடு குறிப்பிட்டு "இங்கே எனக்கு எட்டவில்லை" என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் அது மதிக்கத்தக்க விமர்சனம்.

"அசுரன்" பார்த்துவிட்டுப் பூமணியின் "வெக்கை"யைப் படித்தேன். படத்தில் இருந்த வேகம் நாவலில் இல்லை என்று வாசகர் கூட்டத்தில் சொன்னதும் சண்டையாகிவிட்டது.
வாசகர், விருதுநகர்

படம் பார்த்த கண்ணோடு நாவலை அளந்ததால் வந்த சண்டை. நாவலைத் தழுவிய படம் 2019இல் வந்தது, நாவல் 1982இல். நாவல் ஏறக்குறைய எட்டு நாட்களில் நடந்து முடிகிறது. பகையாளி வடக்கூரானை வெட்டிவிட்ட பதினைந்து வயதுச் சிதம்பரமும் அவன் தகப்பனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிவதுதான் அதன் உடல். கொலை முதல் பக்கத்திலேயே நடந்துவிடுகிறது. அடுத்து என்ன நடக்கும் என்ற பதற்றத்தை ஆசிரியர் ஓரம் தள்ளிவிட்டு, என்ன சாப்பிட்டார்கள், எங்கே படுத்தார்கள், தகப்பன் பிள்ளையிடம் என்ன பேசினான் என்பதில் நிற்கிறார். படத்தில் விரிவாக வரும் தகப்பனின் முன்கதையும், தலித்துகளுக்கென ஆங்கிலேயர் ஆட்சியில் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தின் பிரச்சினையும் நாவலில் அந்த வடிவில் இல்லை.

ஆகவே "வேகம் இல்லை" என்பதை இப்படி மாற்றிக் கேளுங்கள்: கொலையை முதலிலேயே வைத்துவிட்ட நாவல், அதன் பிறகு வாசகரை எதைக் கொண்டு இருத்தி வைக்கிறது? மூன்று பக்கங்களைத் தேர்ந்தெடுத்து அதற்குப் பதில் தேடுங்கள். அந்தப் பக்கங்கள் உங்களை இருத்தி வைக்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். அடுத்த தடவை இயன்றால் முதலில் நாவல், ஒரு வாரம் கழித்துப் படம். முகங்கள் முதலில் மனசில் ஏறிவிட்டால் இறக்குவது கடினம்.

ஒரு நாவலில் 96ஆம் பக்கத்துக்குப் பிறகு கதை பின்னோக்கிப் போய்ப் பிறகு சட்டென்று எங்கோ தாவுகிறது. இது ஆசிரியரின் உத்தியா? எப்படி எழுதுவது?
வாசகி, தேனி

எழுதுவதற்கு முன் பக்க எண்களைப் பாருங்கள். ஆப்செட்டில் அச்சாகும் புத்தகங்கள் பெரும்பாலும் பதினாறு பக்கப் பாரங்களாக, அதாவது ஒரே தாளில் அச்சாகும் தொகுதிகளாக, மடித்துக் கட்டப்படுகின்றன. அப்படியானால் பாரங்கள் 1, 17, 33, 49, 65, 81, 97 என்று தொடங்கும். உங்கள் பிரதியில் 96க்குப் பிறகு மறுபடி 81 வந்து, அது 96இல் முடிந்து, நேரே 113 தொடங்கினால் ஒரு பாரம் இரட்டித்து அடுத்த பாரம் விடுபட்டிருக்கிறது. புத்தகத்தைக் கட்டியதில் (பைண்டிங்) நேர்ந்த பிழை அது. ரசீதோடு கடையிலோ பதிப்பகத்திலோ கொடுத்து வேறு பிரதி கேளுங்கள். வாங்கும்போதே இந்த எண்களில் மட்டும் புரட்டிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. எண்கள் சரியாக இருந்தால், அது உத்திதான். அதைப் பற்றித் தாராளமாக எழுதுங்கள்.

எங்கள் குடியிருப்பில் எட்டுப் பேர் சேர்ந்து மாதம் ஒரு புத்தகம் படித்துப் பேசுகிறோம். முதலில் பேசுகிறவர் கதை முழுவதையும் சொல்லிவிடுகிறார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் கருத்துச் சொன்னதும் மற்றவர்கள் "ஐயா சொன்னதுதான்" என்று முடித்துக்கொள்கிறார்கள். இருவர் எப்போதும் பாதிதான் படித்து வருகிறார்கள். கூட்டத்தை எப்படி நடத்துவது?
வாசகி, கோவை

எட்டுப் பேர் நல்ல எண்ணிக்கை, குலைய விடாதீர்கள். பன்னிரண்டைத் தாண்டினால் ஒவ்வொருவருக்கும் நேரம் போதாது, ஐந்துக்குக் கீழே போனால் இருவர் வராத அன்று கூட்டமே இருக்காது.

பாதி படித்து வருகிறவர்களிடமிருந்து தொடங்குவோம். சோம்பலைவிடப் புத்தகத்தின் பருமன்தான் இதற்குக் காரணமாக இருக்கும். மணிக்கு முப்பது பக்கம் என்று வைத்தால் 240 பக்கத்துக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு இரண்டு மணி. வேலையும் வீடும் பார்க்கிறவர்களுக்கு அதுதான் எல்லை. 250 பக்கத்துக்கு மேற்பட்ட நூலுக்கு இரண்டு மாதம் கொடுங்கள். முதல் மாதம் எந்த அத்தியாயம்வரை என்று வரம்பு வையுங்கள். எட்டுப் பேருக்கும் பிரதி கிடைக்குமா என்று பார்த்த பிறகே புத்தகத்தை முடிவு செய்யுங்கள். அச்சில் இல்லாத நூலைத் தேர்ந்தெடுத்து நின்றுபோன கூட்டங்கள் ஏராளம்.

கூட்டத்துக்குத் தொண்ணூறு நிமிடம். வந்து உட்கார்ந்ததும், யாரும் வாய் திறப்பதற்கு முன், ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் இரண்டு வரி: பிடித்தது ஒன்று, உறுத்தியது ஒன்று. சீட்டைக் கையிலேயே வைத்திருக்கட்டும். "ஐயா சொன்னதுதான்" என்பதற்கு மருந்து இதுதான். எழுதிவிட்ட கருத்தைப் பிறர் பேச்சைக் கேட்டு விழுங்குவது கடினம்.

பிறகு ஒருவர் ஐந்து நிமிடத்தில் நூலின் பிறப்பை மட்டும் சொல்லட்டும். எந்த ஆண்டு வந்தது, தொடராக வந்ததா, ஆசிரியர் எந்த ஊரை எழுதுகிறார் என்பது போதும், கதை கூடாது. அதற்கடுத்து ஆளுக்கு நான்கு நிமிடம், எட்டுப் பேருக்கு முப்பத்திரண்டு. ஒவ்வொருவரும் தாம் தேர்ந்தெடுத்த ஒரு பத்தியைச் சத்தமாகப் படித்துவிட்டு, ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்ல வேண்டும். பத்தி பத்து வரிக்கு மேல் போகக் கூடாது. கதைச் சுருக்கம் தானாகவே ஒழிந்துவிடும், ஏனென்றால் கையில் பக்கம் இருக்கும்போது யாரும் கதை சொல்வதில்லை. பாதி படித்தவரும் படித்த பாதியிலிருந்து ஒரு பத்தி கொண்டுவர முடியும். தமிழாசிரியரைக் கடைசியாகப் பேசச் சொல்லுங்கள். "ஐயா, நாங்கள் விட்டதை நீங்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்" என்று கேட்டால் அது மரியாதைக் குறைவாகாது, அவருடைய அறிவும் சரியான இடத்தில் பயன்படும்.

மிச்சத்தில் நாற்பது நிமிடம் திறந்த பேச்சு. இரண்டு பேர் ஒரே பத்தியை எதிரெதிராகப் படித்திருந்தால் முழு நேரத்தையும் அதற்கே கொடுங்கள், அப்படி அமைவது அபூர்வம். ஒரே நிபந்தனை: யார் எதைச் சொன்னாலும் "எந்தப் பக்கம்?" என்று கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. கடைசிப் பத்து நிமிடம் அடுத்த புத்தகத்துக்கு. தேநீரை முடிவில் வையுங்கள். நடுவில் வைத்தால் பேச்சு மின்கட்டணத்துக்குப் போய்விடும்.

மொழிபெயர்ப்பு நாவலைப் படித்துவிட்டு "மொழிபெயர்ப்பு சரியில்லை" என்று சொல்ல, மூல மொழி தெரியாதவருக்குத் தகுதி உண்டா?
வாசகர், திருச்சி

மூலத்துக்கு உண்மையாக இருக்கிறதா என்று சொல்ல முடியாது. தமிழாக இருக்கிறதா என்று சொல்ல முடியும். முதலில் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள்: எந்த மொழியிலிருந்து பெயர்த்தது என்று போட்டிருக்கிறதா? தகழியின் "செம்மீன்" சுந்தர ராமசாமியால் மலையாளத்திலிருந்தும், அதீன் பந்த்யோபாத்யாயவின் "நீலகண்டப் பறவையைத் தேடி" சு. கிருஷ்ணமூர்த்தியால் வங்காளத்திலிருந்தும் நேரடியாக வந்தவை. ஐரோப்பிய, லத்தீன் அமெரிக்க நாவல்களில் பலவும் ஆங்கிலம் வழியாக வருகின்றன. இடையில் ஒரு மொழி இருந்தால் அதையும் உங்கள் குறிப்பில் சொல்லுங்கள்.

பிறகு நான்கு இடங்களைச் சோதியுங்கள். பேச்சைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள்; வாய் தடுக்கினால் அங்கே வாக்கியம் தமிழில் கட்டப்படவில்லை. "அவன் தன் தோள்களைக் குலுக்கினான்" என்று வந்தால் கவனியுங்கள். அந்தச் சைகை நம்மிடம் இல்லை. அவன் தெரியாது என்கிறானா, அக்கறை இல்லை என்கிறானா என்பது நமக்கு விளங்க வேண்டும். சாப்பாட்டுப் பெயர்களைப் பாருங்கள். ஏழைகள் சாப்பிடும் ரை தானிய ரொட்டி என்று சொல்ல வேண்டிய இடத்தில் வெறும் "கறுப்பு ரொட்டி" என்றிருந்தால் ஏழையின் உணவு என்ற தகவல் நம்மை வந்து சேராது. கடைசியாக உறவுச் சொற்கள். அத்தையா, சித்தியா, பெரியம்மாவா என்று மொழிபெயர்ப்பாளர் கதையைப் புரிந்து முடிவெடுத்தாரா, எல்லோரையும் "ஆன்ட்டி" ஆக்கிவிட்டாரா? இந்த நான்கிலும் தேறிய மொழிபெயர்ப்பாளரின் பெயரை, ஆசிரியர் பெயரோடு சேர்த்துத் தவறாமல் எழுதுங்கள். தமிழில் அவர்களுக்குக் கிடைக்க வேண்டிய பெயர் இன்னும் கிடைக்கவில்லை.

"பொன்னியின் செல்வன்" பற்றிப் பேசும்போது நான் சொல்லும் பக்க எண் யாருக்கும் பொருந்துவதில்லை.
வாசகர், தஞ்சாவூர்

நாட்டுடைமையான நூல், பதிப்புகள் பல, பக்கங்கள் பொருந்தா. பாகத்தின் பெயரையும் அத்தியாய எண்ணையும் சொல்லுங்கள்: "கொலைவாள், 12ஆம் அத்தியாயம்". தொடராக வந்தபோதிருந்த இந்தப் பகுப்பைப் பதிப்பாளர்கள் பெரும்பாலும் மாற்றுவதில்லை. ஐந்து பாகத்துக்கும் இது செல்லும்.

முடிக்க முடியாமல் வைத்துவிட்ட புத்தகத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லலாமா?
வாசகி, சேலம்

எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள், ஏன் என்பதைச் சேர்த்துச் சொன்னால் சொல்லலாம். முடிவைப் பற்றி மட்டும் பேசக் கூடாது.

நண்பர் தன் முதல் சிறுகதைத் தொகுப்பைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்கிறார். பன்னிரண்டு கதைகள். நட்பும் கெடக் கூடாது, பொய்யும் சொல்லக் கூடாது.
வாசகர், நாகர்கோவில்

அச்சுக்குப் போகும் முன் கொடுத்தாரா, பின்பா என்று பாருங்கள். முன்பென்றால் ஒற்றுப்பிழை உட்பட எல்லாவற்றையும் பென்சிலால் குறித்துக் கொடுங்கள், அவருக்கு அது பெரிய உதவி. அச்சான பிறகு பிழைப் பட்டியலைத் தனியே அவரிடம் மட்டும் கொடுங்கள், அடுத்த பதிப்புக்கு ஆகும். பிறர் முன் அதைப் பேச வேண்டாம்.

பன்னிரண்டு கதைக்கும் ஒவ்வொரு வரி எழுதினால் எதுவும் சொன்னதாகாது. மூன்றை எடுங்கள். உங்களை முழுதாக இழுத்த ஒன்று, நல்ல தொடக்கம் இருந்தும் நடுவில் தொய்ந்த ஒன்று, உங்களுக்கு எட்டாத ஒன்று. தொய்ந்த கதையில் எந்தப் பத்தியில் கவனம் நழுவியது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். "கதை பலவீனமாக இருக்கிறது" என்பது மனிதரைச் சுடும். "இந்தப் பத்தியில் மாமா வந்ததும் அதுவரை பேசிக்கொண்டிருந்த பெண் காணாமல் போய்விட்டாள்" என்பது அவர் திருத்தக்கூடிய ஒன்று.

வாசகர் கூட்டத்துக்குப் பழைய நூல்கள் வேண்டியிருக்கின்றன. கடையில் இல்லை. எங்கே தேடுவது?
வாசகர், மன்னார்குடி

நாட்டுடைமையாக்கப்பட்ட ஆசிரியர்களின் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை முதலில் பாருங்கள், இலவசம். ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் "நூலகம்" என்ற மின்னூலகம் இருக்கிறது. சென்னைக்கு வர முடிந்தால் எழும்பூரில் கன்னிமாரா. இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி சட்டப்படி வந்து சேரும் நூலகங்களில் அதுவும் ஒன்று. பழைய இதழ்களும் அரிய பதிப்புகளும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கிடைக்கும், ஆனால் அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். போகும் முன் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பு ஆண்டு மூன்றையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். எட்டுப் பேருக்கும் ஒரே பதிப்பு கிடைக்காவிட்டால், தஞ்சாவூர் வாசகருக்குச் சொன்னபடி அத்தியாய எண்ணை வைத்துப் பேசிக்கொள்ளலாம்.